ஹெல்லெஸ்கோவ் கோட்டையின் பதினான்கு சொந்தக்காரர்கள்

கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொன்னதுதான் இந்திராதேவி செய்த பிழை. "பதிவுத் திருமணம் நடந்த நாளுக்கும் கணவர் நாட்டைவிட்டுப் புறப்பட்ட நாளுக்கும் இடையில் ஐந்து வாரங்கள் இருக்கின்றனவே, அந்த ஐந்து வாரமும் ஒன்றாக வாழ்ந்தீர்களா?" என்று படிவம் கேட்டது. "இல்லை" என்ற பெட்டியில் பேனை முனை பதியும்படி புள்ளடி போட்டாள். அதைப் போடும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எழுத்து வேறு, தாலி வேறு. பதிவுகாரர் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறப்பார், இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள், அதோடு மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவார். தாலி ஏறும்வரை பெண் அம்மாவின் பெண்தான். 1985இல் அரியரத்தினத்துக்கும் அவளுக்கும் எழுத்து முடிந்தது. தாலிக்கு நாள் வைக்குமுன் ஊர் நிலைமை கெட்டு அவர் டென்மார்க்குக்கு ஓடவேண்டியதாயிற்று. அந்த ஐந்து வாரமும் ஒன்றாக இருந்தாயா என்று கேட்டால், நல்ல வீட்டுப் பெண் வேறென்ன பதில் சொல்லுவாள்?

கனடாவின் விசா அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. சட்டப்படி கலியாணம் செய்த இருவர் ஐந்து வாரம் ஒரே ஊரில் இருந்தும் ஒரு கூரையின்கீழ் படுக்கவில்லை என்றால், அது கடதாசிக் கலியாணம் என்று எழுதிவிட்டார். கணவர் டென்மார்க்கில், மனைவி மொன்றியலில், பத்து வருஷத்தில் ஒருநாளும் சேர்ந்து வாழ்ந்ததில்லை, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. 1995 மாசி மாதம் கோட்-டெ-நெய்ஜ் வீட்டின் தபால் பெட்டியில் கிடந்த கடிதம் அதைத்தான் சொன்னது. நீயே டென்மார்க்குக்குப் போவதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அவள் முதலில் அங்கேதான் கேட்டாள். அவர்களும் இதையே டேனிஷ் மொழியில் சொன்னார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு இரவிச்சந்திரனிடம் போனாள். டெபனர் என்கிற ஒரு மூலைக்கடையின் மேல்மாடியில் இரண்டு கதிரையும் ஒரு ஃபக்ஸ் மெசினும் வைத்துத் தமிழரின் வழக்குகளைப் பார்க்கிறவர் அவர். கெட்டிக்காரர். உண்மை என்பதை ஒரு முரட்டுத் துணி மாதிரி நினைப்பவர். எங்கே வெட்டலாம், எங்கே மடித்துத் தைக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார்.

"சின்ன விசயம், தங்கச்சி. அந்த அஞ்சு கிழமையும் உங்கடை மாமி வீட்டிலை ஒண்டா இருந்தனாங்கள் எண்டு சொல்லுவம். கேள்வி விளங்கேல்லை, பிழையாப் போட்டிட்டன் எண்டு ஒரு சத்தியக் கடதாசி. மாமியிட்டை ஒரு கடிதம் எடுப்பம். அலுவல் முடிஞ்சுது."

"தாலி கட்டாமல் நான் ஒரு வீட்டிலை போய் இருந்தனான் எண்டோ சொல்லச் சொல்லுறியள்?"

"இஞ்ச ஆருக்குத் தாலி விளங்கப்போகுது?"

"எனக்கு விளங்கும். நான் அண்டைக்கு இருக்கேல்லை. பேந்து இருந்தனான். பதினாலு மாசம் இருந்தனான். அதைச் சொல்லுவம்."

"எங்கை?"

"டென்மார்க்கிலை. ஒரு கோட்டையிலை."

இரவிச்சந்திரன் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

சாத்தியதற்குக் காரணம் இருந்தது. 1988இல் மொன்றியலில் வந்து இறங்கி அகதி விண்ணப்பம் எழுதியபோது, கொழும்பிலிருந்து நேரே வந்ததாகத்தான் அவள் எழுதியிருந்தாள். டென்மார்க் என்ற சொல்லே அந்தப் பத்திரத்தில் இல்லை. அதை வைத்துத்தான் அவளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. இப்போது வாயைத் திறந்து கோட்டைக் கதை சொன்னால், கணவரைக் கூப்பிடப் போட்ட வழக்கு அவளையே தூக்கி வெளியே போடலாம்.

"மனிசனும் வராமல், நீங்களும் போகவேண்டி வரும்," என்றார் இரவிச்சந்திரன்.

அவளுக்குப் பயம் வந்தது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை அவளுக்கு. அன்று முழுக்கக் கரண்டிகளை மாற்றி மாற்றி வைத்தாள். ஆனால் ஞாயிறு காலையில் அரியரத்தினம் தொலைபேசி எடுத்தபோது பயம் போய்க் கோபம்தான் மிஞ்சியிருந்தது.

"இந்திரா, அந்த ஆள் சொல்லுற மாதிரியே சொல்லும். ஒரு பொய்தானே," என்றார் அவர். மீன் தொழிற்சாலையில் நின்று நின்று அவர் குரலும் விறைத்துப்போயிருந்தது.

"இஞ்சருங்கோ, நாங்கள் இருக்காத இடத்திலை இருந்தம் எண்டு சொல்லோணும், இருந்த இடத்திலை இருக்கேல்லை எண்டு சொல்லோணும். அப்ப அந்தப் பதினாலு மாசமும் ஆற்றை? எனக்கு உங்களோடை இருந்தது அவ்வளவுதான். அதையும் குடுக்கச் சொல்லுறியளோ?"

"உம்மடை விருப்பம்," என்றார் அரியரத்தினம்.

அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1986 ஐப்பசியில் ஏஜென்சிக்காரன் அவளை ஜெர்மனிப் பக்கமாகக் கொண்டுபோய் எல்லை தாண்டவைத்தான். அந்த மாதம் பார்த்துத்தான் டென்மார்க்கில் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். போய்ப் பதிந்தால் வந்த வழியே திருப்பிவிடுவார்கள். ஆகவே அவள் பதியவில்லை. நேரே கணவர் இருந்த அகதி முகாமுக்குப் போய் ஒளிந்துகொண்டாள்.

முகாம் என்பது ஹெல்லெஸ்கோவ் என்ற பழைய கோட்டை. டென்மார்க்கின் யூட்லாண்டுப் பகுதியின் நடுவில், சுற்றிவரத் தண்ணீர் அகழியோடு நின்றது. மாவட்ட சபை அதை வாங்கிச் சயரோக ஆஸ்பத்திரியாக நடத்தி, பிறகு பூட்டிவைத்து, அகதிகள் வந்து குவிந்ததும் திறந்துவிட்டது. அறுபத்துமூன்று தமிழர் அங்கே பதிவில் இருந்தார்கள். அறுபத்துநாலாவது ஆள் இந்திராதேவி. அதிகாரிகள் தலை எண்ண வரும்போதெல்லாம் அல்போன்சம்மா என்ற மன்னார்க்காரி அவளை உருளைக்கிழங்கு அறைக்குள் தள்ளிக் கதவுக்கு முன்னால் நின்று ஜெபமாலை உருட்டுவாள். தாலியையும் அங்கேதான் கட்டினார்கள். ஐயர் இல்லை, மேளம் இல்லை. சமையற்கட்டுத் தாச்சியைக் கரண்டியால் தட்டினார்கள். ஒளிந்திருக்கிறவளை யார் படம் எடுப்பார்கள்? ஒரு படமும் இல்லை.

கோட்டையின் பெரிய மண்டபத்தில், சுவரின் ஒரு பக்கம் முழுவதும் பதினான்கு மரப்பலகைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் கோட்டைக்குச் சொந்தக்காரனாக இருந்தவனின் குலச்சின்னம், பெயர், ஆண்டு. டேனிஷ் படிப்பிக்க வந்த ஆசிரியைக்கு அது வசதியாகப் போயிற்று. இலக்கங்கள் படிப்பிக்க அந்தப் பலகைகளைத்தான் வாசிக்கச் சொன்னாள். பதிவில்லாத இந்திராதேவிக்கு வகுப்பு இல்லை. தும்புத்தடியோடு மண்டபத்தைக் கூட்டுகிறவளாக நின்று கேட்டாள். ஆம்பிளைகள் தடுமாறித் தடுமாறி வாசித்ததை அவள் கூட்டியபடியே மனப்பாடம் செய்துவிட்டாள். அவளுக்கு டேனிஷில் பாண் வாங்கத் தெரியாது. ஆனால் கோட்டை கைமாறிய ஆண்டுகளை ஒன்றுவிடாமல் சொல்லத் தெரியும். ஆசிரியை சொன்ன கதைகளை அரியரத்தினம் பிறகு தமிழில் சொல்லுவார்.

நல்ல கதைகள்தான். 1502இல் ஒரு பிஷப் கட்டினார். சமயம் மாறிய சாட்டில் அரசன் அதைப் பறித்தான். பறித்ததைத் தன் தளபதிக்குக் கொடுத்தான். தளபதியின் பேரன் சீட்டாட்டத்தில் தோற்றான். வென்றவனைச் சுவீடன்காரன் வந்து கலைத்துவிட்டு ஒரே ஒரு வருஷம் உள்ளே இருந்தான். அந்த ஒரு வருஷத்துக்கும் ஒரு பலகை. பிறகு சண்டை, பிறகு மருமகன், பிறகு மருமகனை ஏமாற்றிய வழக்கறிஞன். இப்படியே நானூறு வருஷம். அவர்களில் ஒருத்தரிடமும், நீ எந்த வழியால் வந்தாய் என்று யாரும் படிவம் நீட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. வந்தவனுக்கெல்லாம் சுவரில் ஒரு சின்னம் கிடைத்துவிட்டது.

ஒன்பதாவது பலகையில் மட்டும் சின்னம் இல்லை, வெறும் மரத்தில் ஒரு பெயர்: மாரென். 1771 முதல் 1782 வரை. குசினியில் வேலைக்கு இருந்தவள். பிள்ளை இல்லாத கிழட்டுப் பிரபு அவளை முறைப்படி கலியாணம் செய்து, கோட்டையை அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனான். தம்பியின் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். அது கலியாணமே இல்லை என்றார்கள். அவள் அகழிப் பாலத்தைத் தூக்கிவைத்துவிட்டுப் பதினொரு வருஷம் உள்ளே இருந்தாள். கடைசியில் தோற்றாள். வெளியேறச் சொன்ன நாளில் வெளியேறாமல், விதைத்ததை அறுத்து முடித்துவிட்டுத்தான் போனாள். முகாம் பொடியள் அவளுக்கு மாரியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்திராதேவி எல்லாப் பலகைகளையும் வாரம் ஒருமுறை துடைப்பாள், அதை மட்டும் தினமும் துடைப்பாள்.

1987 மார்கழியில் அதிகாரிகள் முகாமைக் கலைக்கப் போவதாகக் கதை வந்தது. ஏஜென்சிக்காரனிடம் ஒரு ஆளுக்குத்தான் வழி இருந்தது. பதிவில்லாதவள் அவள் என்பதால் அவளை ஏற்றிவிட்டார்கள்.

மேன்முறையீட்டு விசாரணை ஆனி மாதம் நகரத்து நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நடந்தது. தீர்ப்பாளராக இருந்தவள் கத்தரின் என்ற ஐம்பது வயதுப் பெண், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் பேசுகிறவள். அரசாங்கத் தரப்பில் ஒரு இளம் வழக்கறிஞர். மொழிபெயர்க்க வந்த அனுசூயா சென்னைக்காரி, எஞ்சினியரின் மனைவி. யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுக் கேட்டுப் பழகியும் இன்னும் பாதி வழியில் நிற்கிறவள்.

இந்திராதேவி எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்து, தாலி, எல்லை, உருளைக்கிழங்கு அறை. பக்கத்தில் இரவிச்சந்திரன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

அரசாங்க வழக்கறிஞர் மரியாதையான ஆள். அல்போன்சம்மாவும் மற்றவர்களும் எழுதிய கடிதங்களை இரண்டு விரலால் தூக்கி, நண்பர்கள் எழுதியவை என்று சொல்லி ஒதுக்கிவைத்தார். கணவர் அங்கே இருந்ததற்குப் பதிவு இருக்கிறது, மனைவி இருந்ததற்கு எதுவும் இல்லை என்றார். பிறகு ஒரு வழவழப்பான சிறு புத்தகத்தை எடுத்தார். கோட்டை இப்போது ஒரு ஹோட்டல். இது அவர்கள் அச்சடித்த வரலாறு.

"அந்த மண்டபத்துல எத்தனை பலகை இருந்துதுன்னு கேக்கறார்," என்றாள் அனுசூயா.

"பதினாலு."

"புத்தகத்துல, ஹோட்டல்காரங்களுக்கு முன்னாடி பதிமூணு சொந்தக்காரங்கதான்னு போட்டிருக்காம். நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

இரவிச்சந்திரன் வாயசைக்காமல் பேசுவதில் வல்லவர். "மறந்துபோச்சு எண்டு சொல்லுங்கோ. பதிமூண்டு எண்டு சொல்லுங்கோ," என்றார்.

"பதினாலு," என்றாள் இந்திராதேவி. "அந்தப் புத்தகத்திலை ஆற்றை பேர் இல்லை எண்டு கேளுங்கோ. மாரென் எண்டு ஒரு மனிசி இருக்கிறாவோ?"

வழக்கறிஞர் பக்கத்தைப் புரட்டினார். மாரென் இல்லை. எட்டாவது ஆளுக்குப் பிறகு நேரே அவன் தம்பியின் மகன் இருந்தான்.

"அப்ப புத்தகம் பொய். நான் பொய் இல்லை."

அனுசூயா அதைக் கொஞ்சம் மெத்தென்று மொழிபெயர்க்கப் பார்த்தாள். இந்திராதேவிக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். "இல்லை, நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ," என்றாள். அனுசூயா சொன்னாள்.

பிறகு இந்திராதேவி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். யாரும் எழும்பச் சொல்லவில்லை. பிஷப்பில் தொடங்கினாள். பெயரும் ஆண்டும், பெயரும் ஆண்டும், டேனிஷில், அந்த ஆசிரியையின் இழுவையோடு. அனுசூயா மொழிபெயர்க்க வாயெடுத்து, என்ன மொழி என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். ஒன்பதாவதுக்கு வந்தபோது இந்திராதேவியின் குரல் உரத்துவிட்டது. பதினாலாவதாக மாவட்ட சபையைச் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள். காது இரண்டும் கொதித்தன.

கத்தரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த மாவட்டத்து ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கும்வரை விசாரணையை ஒத்திவைப்பதாகச் சொன்னாள்.

ஐப்பசியில் திரும்பவும் கூப்பிட்டார்கள். மெத்ரோவிலிருந்து வெளியே வந்தால் விளக்குக் கம்பம் எல்லாம் உய், நொன், அதாவது ஆம், இல்லை என்று அட்டைகள். கியூபெக் தனியே போவதா இல்லையா என்று மாகாணமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கிழமை அது. இந்திராதேவி ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காப்பகத்தின் பதில் வந்திருப்பதாக மட்டும் தெரியும், என்ன பதில் என்று தெரியாது.

கத்தரின் அதை வாசிக்க, அனுசூயா தமிழில் சொன்னாள். அப்படி ஒருத்தி இருந்தாள். வழக்கில் வென்ற குடும்பம் தங்கள் வம்சக் கணக்கிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டது. ஹோட்டல்காரர்கள் அந்தக் குடும்பத்து ஏட்டைப் பார்த்துத்தான் தங்கள் வரலாற்றை எழுதினார்கள். மாரெனின் பெயர் இரண்டே இடங்களில்தான் இருந்தது. ஒன்று, காப்பகத்தின் நிலவறையில் உள்ள காணிப் பதிவேடு. வெளியார் ஒருவரும் இருபது வருஷமாக அதைக் கேட்டுத் திறக்கவில்லை. மற்றது, மாவட்ட சபை அந்தப் பதிவேட்டைப் பார்த்து ஆஸ்பத்திரி மண்டபத்தில் மாட்டிய பலகைகள். 1989இல் ஹோட்டலுக்காகத் திருத்தியபோது அவற்றைக் கழற்றி உடைத்துவிட்டார்கள்.

கடைசி வரியையும் சொல்லிவிட்டு அனுசூயா இந்திராதேவியின் பக்கம் திரும்பினாள். "நீங்க அங்க இருந்திருக்கீங்கம்மா," என்றாள். அது கடிதத்தில் இல்லாத வரி. அப்படிச் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையும் இல்லை. யாரும் அவளைக் கண்டிக்கவில்லை.

இந்திராதேவிக்கு அழுகை வந்தது. எட்டு வருஷமாக அவள் ஒளித்துவைத்திருந்த வீடு அது. அதில் அவள் இருந்தாள் என்று இப்போது கடதாசி சொல்லுகிறது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

வழக்கறிஞர் எழுந்தார். அவருக்கும் வேலை இருக்கிறதே. கணவர் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்து ஆசிரியையின் இழுவை வராது, ஆகவே இந்திராதேவி அங்கே இருந்ததை இனி மறுக்கவில்லை, ஆனால் அப்படியானால் 1988இல் அகதி விண்ணப்பத்தில் எழுதியது பொய் என்றாகிறது, இதைக் குறிப்பில் ஏற்றவேண்டும் என்றார்.

கத்தரின் இந்திராதேவியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அப்படி எழுதச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?"

கேள்வியிலேயே ஒரு கதவு திறந்திருந்தது. ஏஜென்சிக்காரன் வெருட்டினான் என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஆள் எங்கே இருக்கிறானோ, உயிரோடுதான் இருக்கிறானோ. இரவிச்சந்திரன் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தார்.

"ஒருத்தரும் வெருட்டேல்லை," என்றாள் இந்திராதேவி. "சொல்லித் தந்தவை. எழுதினது நான். உண்மையை எழுதினால் திருப்பி அனுப்புவியள் எண்டு தெரியும். அதுதான் எழுதினனான். இப்பவும் அந்த நிலைமை வந்தால் அப்பிடித்தான் எழுதுவன். ஆனால் அவர் என்ரை மனிசன். அதிலை நான் பொய் எழுதேல்லை, எழுதவும் மாட்டன்."

அனுசூயா ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

கத்தரின் சிறிதுநேரம் எழுதினாள். பிறகு வாசித்தாள். திருமணம் உண்மையானது. மேன்முறையீடு ஏற்கப்படுகிறது. கணவரின் விண்ணப்பத்தைத் தொடர்ந்து நடத்தவேண்டும். மனுதாரரின் பழைய பத்திரத்தைப் பற்றி முடிவெடுப்பது இந்த மன்றத்தின் வேலை அல்ல. அமைச்சு விரும்பினால் தனியே நடவடிக்கை எடுக்கலாம்.

வெளியே படிக்கட்டில் குளிர்காற்று அடித்தது. இரவிச்சந்திரன் கோட்டுப் பொத்தானைப் பூட்ட மறந்து நின்றார்.

"வெண்டிட்டியள். வெண்டும் என்ன? அவர் இன்னும் ஆறு மாசத்திலை மிராபெல்லிலை வந்து இறங்குவார். அதே நேரம் அமைச்சு உங்கடை பேப்பரிலை கை வைக்கும். காலை மிதிச்சனான் எல்லோ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி! நாளைக்கு உங்களைப் பிடிச்சு அனுப்பினால் என்ன செய்வியள்?"

இந்திராதேவி கையுறையை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அவர்மேல் கோபம் இல்லை.

"அனுப்பட்டும், அண்ணை. முந்தி ஒவ்வொரு தரமும் ஒராளைத்தான் ஏத்தினவை. இந்தத் தரம் ரெண்டு டிக்கற் போடோணும்."